ஆரோக்கியசாமி என்றொரு பெயர்

நேற்று எனக்கு இரவுப் பணி. காலையில் வீடு திரும்பி நான்கு மணி நேரம் தூங்கிவிட்டு உங்கள் முன் உட்கார்ந்திருக்கிறேன். குரல் கொஞ்சம் கட்டியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கண்ணதாசனைப் பற்றிப் பேச வேண்டும் என்று நண்பர்கள் கேட்டபோது, தமிழ் படித்தவர்கள் எத்தனையோ பேர் இருக்க என்னை ஏன் கூப்பிடுகிறீர்கள் என்றுதான் கேட்டேன். நான் படித்தது டிப்ளமோ நர்சிங். எதுகை எங்கே, மோனை எங்கே என்று பிரித்துக் காட்ட எனக்கு வராது. ஆனால் அந்த மனிதரின் வாழ்க்கையில் சில இடங்கள் ஒரு நர்ஸின் கண்ணில் சட்டென்று படும். அதையாவது சொல்லலாம் என்று ஒப்புக்கொண்டேன்.

முதலில் ஒரு வெட்கக்கேடான விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பதினெட்டு வயது வரை நான் கண்ணதாசனைக் கிறிஸ்தவர் என்று நினைத்திருந்தேன்.

சிரிக்காதீர்கள். நாகர்கோவில் பக்கம் ஒரு சிற்றூரில் அப்பா உபதேசியாராக இருந்தார். எங்கள் வீட்டில் சினிமாப் பாட்டு கிடையாது. 'உலகப் பாட்டு' என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவார். தெருமுனை டீக்கடை ரேடியோவிலிருந்து பாட்டுகள் காதில் விழாமல் இல்லை. ஆனால் அதையெல்லாம் எழுதியவர் ஒருவர் உண்டு என்ற எண்ணமே எனக்கு வந்ததில்லை. பாடுகிறவர்கள் தாமாகவே பாடுகிறார்கள் என்று நினைத்திருப்பேன் போல. வீட்டு அலமாரியில் வேதாகமம், கீர்த்தனைப் புத்தகம், இரண்டு மூன்று பிரசங்கத் தொகுப்புகள். அவற்றுக்கு நடுவே தடிமனாக ஒன்று: 'இயேசு காவியம்'. எழுதியவர் கவிஞர் கண்ணதாசன். வேதநாயக சாஸ்திரியாருக்குப் பின் வந்த ஏதோ ஒரு சபைப் புலவர் என்று நானாகவே முடிவு செய்திருந்தேன்.

நர்சிங் பள்ளி விடுதியில்தான் குட்டு உடைந்தது. என் அறைத்தோழி தலையணைக்கடியில் 'அர்த்தமுள்ள இந்து மதம்' வைத்திருந்தாள். அட்டையில் அதே பெயர். "இவர் எங்க ஆளாச்சே" என்றேன். "அடி பைத்தியமே, எங்க ஆளு" என்றாள். மூன்றாவது கட்டிலில் ஒருத்தி இருந்தாள். அவள் தாத்தா திராவிட இயக்கத்துக்காரர். படித்துக்கொண்டிருந்த உடற்கூறு புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "ரெண்டு பேரும் கேட்டுக்கோங்க, முதல்ல எங்க ஆளு" என்றாள்.

அன்று சிரித்துவிட்டுத் தூங்கிவிட்டோம். ஆனால் அந்தக் கேள்வி என்னிடம் தங்கிவிட்டது. அவர் உண்மையில் யாருடைய ஆள்? கட்சி மாறினார், கொள்கை மாறினார், திட்டியவரைப் புகழ்ந்தார், புகழ்ந்தவரைத் திட்டினார் என்பது அவர்மேல் எப்போதும் உள்ள குற்றச்சாட்டு. அதில் பொய் இல்லை. ஆனால் அந்த மாற்றங்களைப் புரிந்துகொள்ள, மேடையில் அவர் பேசியதைவிடப் பாட்டு எழுதுவது என்னும் அவருடைய தொழிலைப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

கண்ணதாசன் 1927 ஜூன் 24 அன்று காரைக்குடிக்கு அருகே சிறுகூடல்பட்டியில் பிறந்தார். நகரத்தார் குடும்பம். தந்தை சாத்தப்பன், தாய் விசாலாட்சி. இட்ட பெயர் முத்தையா. சிறுவயதிலேயே காரைக்குடியில் வேறொரு வீட்டுக்குச் சுவீகாரம் கொடுத்துவிட்டார்கள். அதற்குக் கைமாறிய தொகை 7000 ரூபாய். புது வீட்டில் பெயர் நாராயணன். நகரத்தாரிடையே சுவீகாரம் சகஜம்தான், அதைச் சோகமாக்க நான் விரும்பவில்லை. ஆனாலும் ஒரு சின்னப் பையன் ஒரு வீட்டில் முத்தையாவாகத் தூங்கி இன்னொரு வீட்டில் நாராயணனாக எழுந்திருக்கிறான். இன்னொரு தாயை 'ஆத்தா' என்று கூப்பிடப் பழகியிருக்கிறான். பிறர் வாயில் பேசும் வேலைக்கு இதைவிட முந்திய பயிற்சி இருக்க முடியாது.

படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. 1943-ல் சென்னைக்கு வந்து திருவொற்றியூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார். இந்த இடத்தில் ஒரு கதை உலவுகிறது. சென்னை வந்த புதிதில் மெரினா காந்தி சிலைக்குக் கீழே படுத்திருந்தாராம், போலீஸ்காரர் வந்து விரட்டினாராம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மெரினாவில் காந்தி சிலை வைத்தது 1959-ல். எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு: கேஸ் ஷீட்டில் ஏறாத மருந்து கொடுக்காத மருந்து. கண்ணதாசனைப் பற்றி வாட்ஸ்அப்பில் வரும் 'இந்தப் பாட்டு பிறந்த கதை'களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த விதிதான் ஞாபகம் வரும். எந்தப் பாட்டுக்கும் ஒரு கதை, எந்தக் கதைக்கும் ஒரு திடீர்த் திருப்பம். அவ்வளவும் நடந்திருந்தால் அந்த மனிதருக்குப் பாட்டு எழுத நேரம் இருந்திருக்காது.

1944-ல் புதுக்கோட்டையில் 'திருமகள்' பத்திரிகையில் சேர்ந்தார். 'கண்ணதாசன்' என்ற பெயர் அந்தக் காலத்தில் வந்ததுதான். பிறகு பல பத்திரிகைகள், சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ், சொந்தமாகத் 'தென்றல்'. கடவுள் இல்லை என்று மேடையில் முழங்கிய காலத்திலும் இவர் பெயர் என்னவோ கண்ணனுக்குத் தாசன்தான். பத்திரிகைகளில் வேறு பல பெயர்களிலும் எழுதினார். காரை முத்துப்புலவர், வணங்காமுடி, கமகப்பிரியன், பார்வதிநாதன். அந்தப் பட்டியலில் ஒரு பெயரைப் பார்த்து நான் துள்ளிவிட்டேன்: ஆரோக்கியசாமி. வேளாங்கண்ணி ஆரோக்கிய மாதாவின் பெயரால் எங்கள் பக்கத்துக் கத்தோலிக்க வீடுகளில் பிள்ளைகளுக்கு இடும் பெயர் அது. மூன்று கட்டில் சண்டையில் நான் முழுக்கத் தோற்கவில்லை.

முதல் திரைப்பாடல் 1949-ல், ஜூபிடர் பிக்சர்ஸின் 'கன்னியின் காதலி' படத்துக்கு. அதே ஆண்டில்தான் தி.மு.க. தொடங்கியது. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகள் அவருக்குக் கட்சியும் சினிமாவும் ஒரே மாட்டு வண்டியின் இரண்டு சக்கரங்கள். 1953-ல் டால்மியாபுரம் என்ற பெயரைக் கல்லக்குடி என்று மாற்றக் கோரிய போராட்டத்தில் ரயில் மறியல் செய்து சிறைக்குப் போனார். 'மாங்கனி' காவியம் அந்தச் சிறைவாசத்தில் எழுதியது. 1957 தேர்தலில் திருக்கோஷ்டியூரில் நின்று தோற்றார். 'மாலையிட்ட மங்கை', 'சிவகங்கைச் சீமை' என்று சொந்தமாகப் படமும் எடுத்தார். 'கவலை இல்லாத மனிதன்' எடுத்து, கவலையெல்லாம் தயாரிப்பாளருக்கு வந்து சேர்ந்தது. கடன் ஏறியது.

1961-ல் ஈ.வெ.கி. சம்பத்தோடு தி.மு.க.வை விட்டு வெளியேறினார். அந்த ஆண்டைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். சம்பத் தொடங்கிய தமிழ்த் தேசியக் கட்சியில் சேர்ந்து, பழைய நண்பர்களிடம் துரோகிப் பட்டம் வாங்கிக்கொண்டிருந்த ஆண்டு. அதே ஆண்டில் வந்த படங்கள் 'பாவமன்னிப்பு', 'பாசமலர்', 'பாலும் பழமும்'. மூன்றும் பீம்சிங் இயக்கம், மூன்றிலும் சிவாஜி, இசை விஸ்வநாதன்–ராமமூர்த்தி, பாடல்கள் கண்ணதாசன். 'பாவமன்னிப்பு' படத்தில் இந்து வீட்டில் பிறந்த குழந்தை முஸ்லிம் மருத்துவர் வீட்டில் வளர்கிறது. கதாநாயகி கிறிஸ்தவரின் வீட்டில் வளர்கிறாள். அதில் டி.எம். சௌந்தரராஜனும் நாகூர் ஹனிபாவும் சேர்ந்து பாடிய பெருநாள் பாட்டை இன்றும் முஸ்லிம் வீடுகளில் சொந்தப் பாட்டாகக் கேட்கிறார்கள். எழுதியவர் செட்டிநாட்டுக்காரர், அன்றைய கணக்கில் நாத்திகர். கேட்பவர்களுக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை.

இது எப்படி முடிகிறது? திரைப்பாட்டு எழுதுவது எப்படி நடக்கும் என்று பார்த்தால் விளங்கும். இயக்குநர் கட்டத்தைச் சொல்வார்: அண்ணன் சொல்கிறான், தங்கை அழுகிறாள், இன்ன இடம், இன்ன பொழுது. இசையமைப்பாளர் ஆர்மோனியத்தில் மெட்டை வைத்துக்கொண்டு தத்தகாரத்தில் பாடிக் காட்டுவார். சொல் இல்லாத அந்த மெட்டுக்குள் ஒருவர் வாயிலிருந்து வருவது போலச் சொல்லை ஊற்ற வேண்டும். பல்லவி பிடிக்கவில்லை என்றால் வேறு. அது இல்லையென்றால் இன்னொன்று. கண்ணதாசன் பெரும்பாலும் தம் கையால் எழுதவில்லை. அவர் சொல்லச் சொல்ல உதவியாளர் எழுதிக்கொள்வார். பல ஆண்டுகள் அந்த வேலையைச் செய்தவர் அவருடைய அண்ணன் மகன் பஞ்சு அருணாசலம், பின்னாளில் பெரிய கதாசிரியரானவர். எனக்கு இதைப் படித்ததும் வார்டு ரவுண்ட்ஸ்தான் நினைவுக்கு வந்தது. பெரிய டாக்டர் கட்டில் கட்டிலாக நின்று சொல்லிக்கொண்டே போவார், நாங்கள் பின்னால் ஓடி ஓடி எழுதுவோம். ஒவ்வொரு கட்டிலிலும் ஒரு வேறு மனிதர், ஒரு வேறு வலி. அடுத்த கட்டிலுக்குப் போனதும் முந்தைய கட்டிலை மறந்தாக வேண்டும். மறக்காவிட்டால் அடுத்தவருக்கு நீங்கள் பயன்பட மாட்டீர்கள்.

ஏறத்தாழ 5000 திரைப்பாடல்கள் என்று சொல்வார்கள். அத்தனை கட்டில்கள்.

ஒரே ஒரு பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்', 1962. ஏறக்குறைய முழுப் படமும் ஒரு மருத்துவமனைக்குள் நடக்கிறது. புற்றுநோயாளி முத்துராமன், மனைவி தேவிகா, அவளை முன்பு காதலித்த டாக்டர் கல்யாண்குமார். படத்து ஆஸ்பத்திரியில் நர்ஸுகள் நடந்துகொள்வதைப் பற்றி எனக்குச் சில புகார்கள் உண்டு, அவற்றை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். அறுவை சிகிச்சைக்கு முன், தான் இறந்துவிட்டால் அந்த டாக்டரை மணந்துகொள் என்று கணவன் சொல்கிறான். அதற்கு மனைவி பாடும் பதில்தான் பாட்டு. பி. சுசீலாவின் குரல்.

இந்தப் பேச்சை நான் நேரில் பலமுறை கேட்டிருக்கிறேன். ஆபரேஷனுக்கு முந்தைய நாள் மாலை, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு நாங்கள் நகர்ந்ததும், திரைச்சீலைக்குப் பின்னால் நடக்கும். "எனக்கு ஏதாவது ஆயிட்டா நீ..." என்று ஒருவர் தொடங்குவார். மற்றவர் ஒருபோதும் வாதம் செய்ய மாட்டார், தத்துவம் பேச மாட்டார். கேள்விதான் கேட்பார். நீங்களா இதைச் சொல்வது? எப்படிச் சொல்ல வந்தது? கண்ணதாசன் அந்தப் பாட்டைக் கேள்விகளாகவே கட்டியிருக்கிறார். உவமைக்கு ஏங்கவில்லை, அடுக்குமொழி தேடவில்லை. அவள் அந்த நேரத்தில் என்ன சொல்வாளோ, அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. முப்பத்தைந்து வயது ஆண் ஒருவர், வெற்றிலையும் மதுவும் அரசியலும் நிறைந்த ஒரு வாழ்க்கைக்கு நடுவிலிருந்து, அந்தத் திரைச்சீலைக்குப் பின்னால் எப்படி வந்தார் என்று இன்றும் வியக்கிறேன்.

இதை எனக்குக் காட்டிக்கொடுத்தவர் ஒரு நோயாளி. நான் இங்கிலாந்துக்கு வந்த புதிதில் முதியோர் வார்டில் போட்டார்கள். யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் இருந்தார், எண்பது தாண்டியவர். மறதி நோய் முற்றி ஆங்கிலம் முழுக்கப் போய்விட்டது. வார்டில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஒரு இரவு, "பிள்ளை, சுசீலா பாடினது, அந்த ஆஸ்பத்திரிப் படத்துப் பாட்டுத் தெரியுமோ?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "தமிழ்ப் பிள்ளை எண்டு சொல்லுறாய், கண்ணதாசன்ர பாட்டுத் தெரியாதோ?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் கோபம் நியாயமானது. 1950-களில் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கி வைத்தபோது, தமிழ்நாட்டு வீடுகளே இலங்கை வானொலியைத் திருப்பித்தான் அந்தப் பாட்டுகளைக் கேட்டன. "பாட்டு எழுதினவர் பேரையும் சொல்லித்தான் போடுவினம்" என்பார் அந்த அம்மா. எங்கள் ஊர் டீக்கடை ரேடியோவில் எழுதியவரின் பெயரையும் சேர்த்துத்தான் சொல்லியிருப்பார்கள். எனக்குத்தான் அதைக் கேட்கும் காது இல்லாமல் போயிற்று.

மறுநாள் வீட்டில் உட்கார்ந்து அந்தப் பாட்டைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். பிறகு ஒவ்வொன்றாக. உபதேசியார் மகள் கண்ணதாசனைப் படித்தது நடு வயதை நெருங்கும்போது, இரவுப் பணியின் இடைவேளைகளில், நோயாளிகள் கேட்டதற்காக.

கண்ணதாசனைப் பற்றி இனிமையாக மட்டும் பேசிவிட்டுப் போக என்னால் முடியாது. குடியை அவர் மறைத்ததில்லை. பெத்தடின் ஊசிக்கு அடிமையாக இருந்ததையும் மறைத்ததில்லை. பெத்தடின் என்பது ஆபரேஷன் வலிக்குப் போடும் மருந்து. நான் பயிற்சி பெற்ற இடத்தில் அது இரட்டைப் பூட்டுப் போட்ட அலமாரியில் இருக்கும். எடுக்க இரண்டு பேர் கையெழுத்து, போட்டு முடித்தால் காலிக் குப்பியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இரண்டு மூன்று மணி நேரத்தில் அதன் வேகம் இறங்கிவிடும். உடம்பு அடுத்ததைக் கேட்கும். ஒரு பழக்கமாக அதைப் போட்டுக்கொள்பவரின் நாள் எப்படி இருக்கும், அவர் வீட்டில் இருப்பவர்களின் நாள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். 'வனவாசம்' நூலில் அவர் தம் இளமைத் தவறுகளை வெளிப்படையாக எழுதினார். வாழக்கூடாத விதமாக வாழ்ந்து பார்த்ததால்தான் புத்தி சொல்லும் தகுதி தமக்கு உண்டு என்ற பொருளில் பேசினார். கேட்கும் கூட்டம் கைதட்டும். நான் தட்ட மாட்டேன். ஒப்புக்கொள்வது வேறு, திருந்துவது வேறு என்று எங்கள் வீட்டில் சொல்லி வளர்த்தார்கள். அந்தப் புத்தியின் செலவைக் கட்டியவர்கள் அவர் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும்தான். ஆனால் ஒன்று உண்டு. மருத்துவரிடம் பொய் சொல்லாத நோயாளி அபூர்வம். எவ்வளவு குடிப்பீர்கள் என்று கேட்டால் பாதியைத்தான் சொல்வார்கள். இவர் கேட்காதவர்களிடமும் முழுக் கணக்கைச் சொன்னார். கூச்சமில்லாத அந்த வாய்தான் பாட்டிலும் வேலை செய்தது என்று நினைக்கிறேன்.

நம்பிக்கை விஷயத்துக்கு வருகிறேன். கம்பராமாயணத்தை எதிர்ப்பதற்காகவே படிக்கத் தொடங்கிக் கம்பனிடம் மாட்டிக்கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். எதிரியின் வீட்டுக்கு உளவு பார்க்கப் போய் அங்கேயே விருந்து சாப்பிட்டு வந்தவர். 1964-ல் காங்கிரஸ். அதே ஆண்டு 'கர்ண'னில் கீதையைப் பாட்டில் இறக்கினார். 1968-ஆம் ஆண்டுப் படங்களுக்கான தேசிய விருதில் சிறந்த பாடலாசிரியர் என்ற பிரிவு முதன்முதலாக வந்தபோது, 'குழந்தைக்காக' படத்துக்காக அதைப் பெற்றவர் இவர். அந்தப் படத்தில் சமயங்களை ஆறுகளாக ஓட விட்டு ஒரே கடலில் சேர்க்கிறார். அடுத்த பத்தாண்டில் 'அர்த்தமுள்ள இந்து மதம்' பத்துப் பாகங்கள். அரசியலில் எம்.ஜி.ஆரை எவ்வளவோ தாக்கி எழுதியிருந்தும், முதலமைச்சரான எம்.ஜி.ஆர். 1978-ல் அவரை அரசவைக் கவிஞராக்கினார். இந்த இடத்தில் எனக்கு மரியாதை எம்.ஜி.ஆர். மேல்தான் கூடுகிறது. 1980-ல் 'சேரமான் காதலி' நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது.

அதற்குப் பிறகுதான் 'இயேசு காவியம்'. திருச்சி கலைக்காவிரி கேட்டுக்கொண்டு அவர் எழுதியது. அவருடைய கடைசிப் பெரும் படைப்பும் அதுதான். அது முழுக்க அவருடைய உச்சம் என்று சொல்ல மாட்டேன். சில பகுதிகள் சுவிசேஷத்தைச் செய்யுளாக்கியதோடு நின்றுவிடுகின்றன. ஆனால் ஆட்கள் வாய் திறக்கும் இடங்களில், வியாதியஸ்தர் வந்து நிற்கும் இடங்களில், பழைய திரைப்பாட்டுக்காரர் உள்ளே வந்துவிடுகிறார். இந்துவாக இருந்து, 'அர்த்தமுள்ள இந்து மதம்' எழுதிய கை காயும் முன்பே இதையும் எழுதியவரை வேடதாரி என்று சொல்பவர்களை எங்கள் சபைக்குள்ளேயே கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கட்டில் மாறியிருக்கிறது. அங்கே படுத்திருப்பவருக்காகப் பேசியிருக்கிறார். மேடையில் அவர் சொன்ன கொள்கைகளை நம்பியவர்கள் ஏமாந்திருக்கலாம். பாட்டில் அவர் யாருக்காகப் பேசினாரோ அவர்கள் ஏமாறவில்லை.

எங்கள் வீட்டுக்கு ஒரு முறை வந்த போதகர் அலமாரியைப் பார்த்துவிட்டு, "உபதேசியாரே, குடிகாரர் எழுதினதை வேதப் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறீரே" என்று கேட்டார். அப்பா, "பிலேயாமின் கழுதையையே கர்த்தர் பேச வைத்தார் ஐயா" என்று சொல்லிவிட்டு அவருக்குக் காப்பி கொண்டுவர எழுந்து போனார். அப்போது எனக்கு அது புரியவில்லை.

இனி சிகாகோ. அங்குள்ள தமிழ்ச் சங்கத்தின் மாநாட்டுக்காக 1981-ல் அமெரிக்கா வந்தவர், உடல்நிலை மோசமாகி ஜூலை 24 அன்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அக்டோபர் 17, சனிக்கிழமை, அங்கேயே இறந்தார். வயது 54. உடல் 20-ஆம் தேதி சென்னைக்கு வந்து, 22-ஆம் தேதி அரசு மரியாதையோடு எரியூட்டப்பட்டது. பெரும்பாலான கட்டுரைகளில் இது இரண்டு வரி. சேர்த்த நாளுக்கும் இறந்த நாளுக்கும் இடையே 85 நாட்கள். அதை நான் வேறு மாதிரி எண்ணுவேன். எட்டு மணி நேர ஷிப்ட் என்று வைத்துக்கொண்டால் 255 ஷிப்டுகள். 255 முறை ஒரு நர்ஸ் இன்னொரு நர்ஸிடம் இந்த நோயாளியை ஒப்படைத்திருக்க வேண்டும். பெயர், வயது, ராத்திரி தூங்கினாரா, என்ன சாப்பிட்டார், சிறுநீர் எவ்வளவு. அயல்நாட்டில் இருக்கும் நம் எல்லோருக்கும் உள்ளூர இருக்கும் பயம் இதுதான் இல்லையா? கடைசியில் நம் பெயரைச் சரியாக உச்சரிக்கத் தெரியாத ஒருவர் கையில் இருப்போம் என்பது. நான் அந்த மற்றக் கையாக இருப்பவள். ஒரு போலந்துக்காரரையோ ஜமைக்காக்காரரையோ புரட்டிப் படுக்க வைக்கும்போது, இவர் தம் ஊரில் யாராக இருந்தாரோ என்று ஒரு கணம் நினைத்துக்கொள்வேன். இந்த வழக்கம் எனக்கு வந்தது அந்த 85 நாட்களைப் பற்றிப் படித்த பிறகு.

அவர் போன பிறகு, 1982-ல் 'மூன்றாம் பிறை' வெளிவந்தது. அவருடைய கடைசித் திரைப்பாடல் என்று எல்லோரும் சொல்வது அதில் வரும் தாலாட்டுதான். இளையராஜா இசையில் ஜேசுதாஸ் பாடியது. நினைவிழந்து குழந்தையாகிவிட்ட ஒரு பெண்ணைத் தூங்க வைக்கும் பாட்டு. யாழ்ப்பாணத்து அம்மாவுக்கு நான் கைப்பேசியில் போட்டுக் காட்டிய பாட்டுகளில் அதுவும் ஒன்று. "இது எங்கட காலத்துப் பாட்டில்லை" என்றார். ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை.

அப்பா நான்கு வருடங்களுக்கு முன் இறந்தார். ஊருக்குப் போய் வீட்டைக் காலி செய்தபோது 'இயேசு காவிய'த்தை மட்டும் எடுத்து வந்தேன். விமானத்தில் புரட்டினால் பக்கங்களின் ஓரத்தில் பென்சில் குறிப்புகள். பெரும்பாலும் வசன எண்கள்: மத்தேயு இத்தனை, லூக்கா இத்தனை. பிரசங்கத்துக்குக் குறித்து வைத்திருப்பார். நோயாளிகளைக் குணமாக்கும் பகுதி ஒன்றில் மட்டும் வசன எண் இல்லை. ஓரத்தில் சின்ன எழுத்தில் 'பாலும் பழமும் மெட்டு' என்று எழுதி, கீழே ஒரு தேதி போட்டிருந்தார். அம்மா எட்டு மாதம் படுக்கையில் கிடந்த வருடத்துத் தேதி அது. நான் அப்போது விடுதியில் இருந்தேன். கஞ்சி வைத்ததும், தலை வாரிவிட்டதும், ராத்திரி கண் விழித்ததும் அப்பாதான். அந்தப் படத்தின் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். மனைவி நோயில் விழுவாள், கணவன் பக்கத்தில் உட்கார்ந்து பாடுவான். உலகப் பாட்டு.